3018 பொறிப்பு இயந்திரத் தொகுப்பு: 400 வெள்ளிக்குள் வீட்டில் ஒரு சிஎன்சி

வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை, கோலம் பொறித்த மணைப்பலகை, ஒரு சிறு மின்சுற்றுப் பலகை. இவற்றைக் கணினி ஓட்டும் இயந்திரத்தில் (சிஎன்சி) வீட்டிலேயே செதுக்க நினைத்துத் தேடினால் முதலில் எதிர்ப்படுவது 3018. வேலைப்பரப்பு 300 மிமீக்கு 180 மிமீ என்பதன் சுருக்கம் அது. உயரவாக்கில் சுமார் 45 மிமீ ஓடும். இதே வடிவமைப்பைப் பல பெயர்களில் பலர் விற்பதால், இங்கே எடைபோடுவது எந்த ஒரு விற்பனையாளரையும் அல்ல, அந்த வடிவமைப்பைத்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அலுமினியச் சட்டமும், படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார்களும் கட்டுப்பாட்டு போர்டும் கொடுக்கும் காசுக்கு நிறைவானவை. மேலும் கீழும் நகர்த்தும் பிளாஸ்டிக் இசட் அச்சும், சுழலும் மோட்டாரான ஸ்பிண்டிலில் பிட்டை (வெட்டுமுனையை) பிடிக்கும் பகுதியும் அப்படியில்லை. அந்த இரண்டையும் திருத்தப் பொறுமை உள்ளவர் வாங்கலாம். மரம், அக்ரிலிக், பித்தளைத் தகடு, செம்புப் பலகை எல்லாவற்றிலும் சுத்தமான வேலை வரும். அலுமினியப் பட்டையிலிருந்து உதிரிபாகம் வெட்டி எடுக்க வேண்டும் என்பவர் இதை வாங்கவே வேண்டாம். 0.05 மிமீ, 0.1 மிமீ என்று சுரண்டிச் சுரண்டி முடிக்கலாம்தான், ஆனால் அந்த வேலைக்கான விறைப்பு இந்தச் சட்டத்தில் இல்லை.

இசட் அச்சுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? பொறிப்பில் கோட்டின் அகலத்தைத் தீர்மானிப்பதே ஆழம். 60 டிகிரி வி-பிட் (வி வடிவ முனையுள்ள பிட்) 0.2 மிமீ கூடுதலாக இறங்கினால் கோட்டின் அகலம் 0.23 மிமீ கூடிவிடும். 90 டிகிரி பிட் என்றால் 0.4 மிமீ. 1 மிமீ கோட்டில் இந்த வேறுபாடு வெறுங்கண்ணுக்கே தெரியும். பலகையின் இடப்பக்க எழுத்து தடித்தும் வலப்பக்க எழுத்து மெலிந்தும் வந்தால் மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. மேசை சமமாக இல்லை, அல்லது ஸ்பிண்டில் ஆடுகிறது.

வாங்கும்போது

மொத்தச் செலவு 400 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்துக்கொண்டால், தொகுப்புக்கு 250 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. மீதி 150 வெள்ளி இயந்திரத்தை வேலைக்கு ஆளாக்குவதற்கு: உலோக இசட் அச்சு, நல்ல வி-பிட்டுகள், அடிப்பலகைக்கு 12 மிமீ எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), கனம் அளக்க டிஜிட்டல் காலிப்பர், நுண்ணிய ஆட்டத்தை அளக்கக் காந்தப் பிடியோடு ஒரு டயல் கேஜ். டயல் கேஜை ஆடம்பரம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் கீழே சொல்லும் பாதிச் சோதனைகளைச் செய்யவே முடியாது.

வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வரவழைத்தால் பொருள் சேவை வரியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல், வரிப்பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்களிடமும் தளங்களிடமும் வாங்கும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் வரி உண்டு. 2024 முதல் விகிதம் 9 விழுக்காடு. 250 வெள்ளித் தொகுப்புக்கு அது 22 வெள்ளி 50 காசு. பக்கத்தில் காட்டும் விலை வரியோடு சேர்த்தா, வரி நீங்கலாகவா என்று பணம் கட்டும் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில்லறைப் பாகங்களுக்குச் சிம் லிம் டவர் போதும். ரோச்சோர், ஜாலான் புசார் நிலையங்கள் இரண்டிலிருந்தும் நடந்து போகும் தூரம். டெக்கா பக்கம் காய்கறி வாங்கப் போகும் நாளிலேயே முடித்துவிடலாம். மின்தேக்கி, ஃபெரைட் வளையம், எல்லைச் சுவிட்ச் (அச்சு ஓட்டத்தின் கோடியை உணர்வது), கவசக் கம்பி எல்லாம் அங்கே கிடைக்கும். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் வேறு கட்டடம். புதிதாகப் போகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தொகுப்போடு வரும் 24 வோல்ட் அடாப்டரின் பிளக் நம் மூன்று துளைச் சாக்கெட்டுக்குப் பொருந்தாவிட்டால், பாதுகாப்புக் குறி உள்ள இணைப்பை வாங்குங்கள். இரண்டு வெள்ளி மிச்சப்படுத்தும் இடம் அதுவல்ல.

பட்டியலில் எல்லைச் சுவிட்ச், அவசர நிறுத்தப் பொத்தான், இசட் தொடுதகடு (பிட் தொட்டு உயரத்தை அறியும் தகடு) மூன்றும் உள்ள வகை சற்று விலை கூடுதலாக இருந்தாலும் அதையே எடுக்கலாம். பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் செலவும் அலைச்சலும் கூடும். லேசர் இணைத்த தொகுப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

பூட்டும்போது

பூட்டி முடிக்க ஒரு பிற்பகல் போதும். ஆனால் எந்த வரிசையில் திருகுகளை இறுக்குகிறோம் என்பதில்தான் இயந்திரத்தின் தரம் நிற்கிறது. முதலில் எல்லாத் திருகுகளையும் தளர்வாகவே மாட்டுங்கள். அடிச்சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குள் வந்த பிறகு மூலைகளை இறுக்குங்கள். ஒய் அச்சின் வழித்தண்டுகளுக்கு ஒரு முறை உண்டு. மேசையை ஒரு கோடிக்குக் கையால் தள்ளி அந்தப் பக்கத் தாங்கிகளை இறுக்க வேண்டும்; பிறகு மறுகோடிக்குத் தள்ளி அந்தப் பக்கத்தை இறுக்க வேண்டும். மேசை நடுவில் இருக்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கினால் தண்டுகள் இணையாக அமையாமல், ஓரங்களில் மேசை முறுகி மோட்டார் படி தவறவிடும்.

திருகுத்தண்டு டி8 வகை, பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 4 மிமீ நகர்வது. மோட்டார் சுற்றுக்கு 200 படி, மோட்டாரை ஓட்டும் டிரைவர் சில்லு ஒவ்வொரு படியையும் பதினாறாகப் பிரிக்கிறது. 3200ஐ 4ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 800 படி. போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் $100, $101, $102 ஆகிய மூன்று அமைப்புகளிலும் இந்த 800 இருக்க வேண்டும். 10 மிமீ நகரச் சொன்னால் 20 மிமீ போகிறது என்றால் திருகுத்தண்டு 8 மிமீ வகை, எண்ணை 400 ஆக்குங்கள். 100 மிமீக்கு 100.2 மிமீ என்று காட்டினால் எண்ணைத் தொடாதீர்கள். அந்த 0.2 பெரும்பாலும் அளவுகோலைப் படித்ததில் வந்த பிழை. அளவுகோலை நம்பி 800ஐ 798 ஆக்குவதால் துல்லியம் கூடுவதில்லை.

தளர்ச்சி வேறு விஷயம். வட்டம் செதுக்கும்போது நான்கு திசைப் புள்ளிகளிலும் சிறு தட்டையோ படியோ தெரிந்தால், பித்தளை நட்டில் முன்பின் ஆட்டம் இருக்கிறது. ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் அழுத்திப் பூட்டினால் குறையும். அதோடு மோட்டாரையும் திருகுத்தண்டையும் இணைக்கும் கப்ளரின் சிறு திருகுகளையும் பாருங்கள். அவை தளர்ந்தாலும் இதே அறிகுறிதான்.

ஸ்பிண்டில் 775 வகை மோட்டார், 5 மிமீ தண்டு. அதன்மேல், பிட்டைக் கவ்வும் இஆர்11 கோலெட் குழல் ஒன்றைச் செருகி இரண்டு குட்டித் திருகுகளால் இறுக்குகிறார்கள். ஒரு திருகை மட்டும் முழுக்க இறுக்கினால் குழல் ஒருபக்கம் சாய்ந்து, பிட்டின் முனை வட்டமடிக்கும். 0.1 மிமீ முனையுள்ள பிட் முதல் நிமிடத்திலேயே ஒடிவதற்கு இதுதான் முதல் காரணம். பிட் தரமில்லாதது என்று நினைத்து இன்னொரு பெட்டி வாங்குவார்கள். குழலை வெந்நீரில் சூடாக்கி, துடைத்து, தண்டில் நேராக அழுத்திச் செருகி, இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றிக் கால்சுற்றாக இறுக்குங்கள். பிறகு கோலெட்டில் ஒரு பிட்டின் தண்டைப் பிடித்து, டயல் கேஜை அதில் சாய்த்துக் கையால் சுழற்றுங்கள். 0.05 மிமீக்குள் வந்தால் நல்லது, 0.1ஐத் தாண்டினால் கழற்றி மறுபடி செருகுங்கள்.

அடிப்பலகை. மேசைமேல் 12 மிமீ எம்டிஎஃப் பலகையைத் திருகி, இயந்திரத்தைக் கொண்டே அதன் மேற்பரப்பைச் சீவிச் சமமாக்க வேண்டும். மரவேலைக் கடையில் கிடைக்கும் பெரிய சீவும் பிட்டை இந்த மோட்டார் சுழற்றாது. தொகுப்பின் கோலெட் பிடிக்கும் 3.175 மிமீ தட்டை முனை பிட்டே போதும்: ஆழம் 0.3 மிமீ, வரிக்கு வரி 1.5 மிமீ, வேகம் நிமிடத்துக்கு 600 மிமீ. 280க்கு 170 பரப்பைச் சீவ ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் எம்டிஎஃப் ஊதும், அதுவும் வெட்டிய ஓரங்கள் முதலில். சீவும் முன் ஓரங்களுக்கு வார்னிஷ் பூசுங்கள். மழைக்காலத்தில் சில வாரங்கள் சும்மா கிடந்த பலகையை மறுபடி ஒரு முறை சீவிக்கொள்ளுங்கள்.

மின்சாரம், வெப்பம், இரைச்சல்

மோட்டார் டிரைவர்கள் ஏ4988. மின்னோட்டத்தைக் குறிப்பு மின்னழுத்தம் வழியாக அமைக்கிறோம்: ஆம்பியர் பெருக்கல் 8 பெருக்கல் உணர் மின்தடை. மின்தடை 0.1 ஓம் என்றால் 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட், 0.05 ஓம் என்றால் 0.4 வோல்ட். மின்தடையின் மதிப்பைப் பார்க்காமல் யாரோ சொன்ன வோல்ட்டை வைத்தால் இரண்டு மடங்கு மின்னோட்டம் பாயும். டிரைவர் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், ஆறியதும் மறுபடி ஓடும். அந்த இடைவெளியில் படிகள் தொலைந்து, 'மு' முடிந்து அடுத்து வரும் 'ரு' 3 மிமீ தள்ளி விழும். குளிர்சாதனம் இல்லாத அறையில் வெப்பத்தகட்டின் மேல் ஒரு சிறு விசிறி கட்டாயம் வேண்டும். மோட்டாரின் உடல் தொடச் சுடுவது இயல்புதான், அஞ்ச வேண்டாம்.

வேலை பாதியில் இருக்கும்போது கணினியோடு தொடர்பு அறுந்துபோவதுதான் இந்த இயந்திரத்தைப் பற்றி அதிகம் கேட்கும் குறை. பழி ஸ்பிண்டிலின் கார்பன் பிரஷ்களில் எழும் தீப்பொறிமேல். அதன் மின்காந்த இரைச்சல் யுஎஸ்பி கம்பிக்குள் புகுந்துவிடுகிறது. மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு இடையே ஒரு 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் மின்தேக்கி, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடலுக்கு இன்னொன்று என மொத்தம் மூன்று பற்றவையுங்கள். ஸ்பிண்டில் கம்பியை முறுக்கி, யுஎஸ்பி கம்பியிலிருந்து விலக்கி ஓட்டுங்கள். யுஎஸ்பி கம்பி குட்டையாக, கவசத்தோடு, இரு நுனியிலும் ஃபெரைட் வளையத்தோடு இருக்கட்டும். இவ்வளவுக்கும் சில வெள்ளிதான் ஆகும். கணினியை மாற்றிப் பார்ப்பது, மென்பொருளை மறுபடி நிறுவுவது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுக்குமாடி வீட்டில் காதில் விழும் இரைச்சலைவிடத் தரை வழியாகப் பரவும் அதிர்வுதான் கீழ்வீட்டுக்குத் தொல்லை. மேசைமேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் கனமான சிமெண்டுப் பலகை, அதன்மேல் இயந்திரம் என்று வைத்தால் பெருமளவு அடங்கும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியால் கவிழ்த்தால் தூசும் அடங்கும். அப்போதும் இரவு 10 மணிக்குப் பிறகு ஓட்டாதீர்கள். எம்டிஎஃப் தூளும் மின்சுற்றுப் பலகையின் கண்ணாடி இழைத் தூளும் நுரையீரலுக்குக் கெடுதல். என்95 முகக்கவசமும், பிட் அருகிலேயே தூசி உறிஞ்சும் குழாயும் தேவை.

தமிழ் எழுத்து

தமிழில் பெயர்ப்பலகை செய்கிறவர்கள் முதலில் இடறுவது இயந்திரத்தில் அல்ல, எழுத்துருவில். வெட்டுப்பாதை போடும் பல மென்பொருள்களின் எழுத்துக் கருவி தமிழ் எழுத்துகளைக் கோக்காது. 'கொ' என்று தட்டினால் கொம்பு தனியே நிற்கும், 'கெ' என்றால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் ஒட்டும். ஆகவே அங்கே தட்டவே வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டி, எழுத்தை வளைகோடாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று படியும் வடிவங்களை ஒன்றிணைத்து, எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள். ஒன்றிணைக்கும் படியை விட்டால், காலும் கொம்பும் எழுத்தைத் தொடும் இடங்களில் பிட் உள்ளே ஒரு வீண்கோடு கீறும்.

பலகை வரைந்ததைவிட ஏறக்குறைய 6.7 விழுக்காடு கூடியோ 6.3 விழுக்காடு குறைந்தோ வந்தால் காரணம் ஒன்றுதான். இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பிலிருந்து அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்கிடுகிறது; அதற்கு முன் 90. கோப்பைத் திறக்கும் மென்பொருள் மற்ற எண்ணை எடுத்துக்கொண்டிருக்கும். திறந்ததும் பலகையின் வெளிச்சட்ட அளவைச் சரிபார்த்துவிட்டுத்தான் பாதை போட வேண்டும்.

எழுத்துருவில் கோடு சீராகத் தடித்திருப்பது நல்லது. நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த வகையும் கேட்டமரானும் இதற்கு ஏற்றவை. மெல்லிய அழகு எழுத்துகள் திரையில் மட்டுமே அழகு. தமிழில் சுழிகள் அதிகம் என்பதால், 'ண', 'ன', 'ஞ' ஆகியவற்றின் சுழிக்குள் மிஞ்சும் மரத்தீவு 1 மிமீக்குக் குறைவாக இருந்தால் நார் பிய்ந்து தூக்கிக்கொண்டு வந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி 1.5 மிமீ விட்டத்துக்குக் கீழே போனால் அரக்கு பூசியதும் மறைந்துவிடும். புள்ளியைக் கையால் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்தின் தலையிலிருந்து சற்றே மேலே தூக்கிவிடுங்கள். கண்ணுக்கு உறுத்தாது, தொலைவிலிருந்தும் படிக்கலாம்.

தொகுப்போடு தரும் பத்து பிட்டுகளும் பெரும்பாலும் 20 டிகிரி, 0.1 மிமீ முனை. அவை மின்சுற்றுப் பலகைக்கானவை. 1 மிமீ அகலக் கோட்டை அதில் வெட்ட 2.5 மிமீ ஆழம் இறங்க வேண்டும். 60 டிகிரி பிட்டில் 0.87 மிமீ போதும், 90 டிகிரியில் அரை மிமீ. 3.175 மிமீ தண்டுள்ள 60 டிகிரி வி-பிட் இரண்டைத் தனியே வாங்குவது முதல் நாளே செய்ய வேண்டிய செலவு. அகலத்துக்கேற்ப ஆழத்தை மாற்றும் வி-செதுக்கல் பாதைக்கு எஃப்-என்கிரேவ் என்ற இலவச மென்பொருள் போதுமானது.

எந்தப் பொருளில் எப்படி

மரத்தில் ரப்பர் மரமும் தேக்குத் துண்டும் நல்ல ஓரம் தரும். பைன் மலிவு, ஆனால் வளைவுகளில் சிலிர்க்கும். 60 டிகிரி பிட், நிமிடத்துக்கு 9000 சுற்று, நிமிடத்துக்கு 500 மிமீ வேகம், ஒரு தடவைக்கு 0.5 மிமீ என்று தொடங்குங்கள். வண்ணம் நிரப்புவதானால் முதலில் பலகைக்கு அரக்கு பூசி, ஒட்டுத்தாள் போர்த்தி, தாளோடு சேர்த்துச் செதுக்கி, வண்ணம் தெளித்து, பிறகு தாளை உரியுங்கள். அரக்கு இல்லாவிட்டால் வண்ணம் நார்வழியே ஊறிப் பரவும்.

அக்ரிலிக்கில் வார்த்த வகையைக் கேட்டு வாங்குங்கள். இழுத்துச் செய்த வகை உருகிப் பிட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒற்றை வெட்டுமுனைப் பிட், நிமிடத்துக்கு 600 மிமீ. மெதுவாக ஓட்டினால் பாதுகாப்பு என்று நினைக்கத் தோன்றும். மெதுவாகப் போனால் பிட் வெட்டாமல் தேய்க்கும், தேய்த்தால் சூடாகி உருகும். பித்தளைத் தகட்டில் 0.1 மிமீ ஆழம், நிமிடத்துக்கு 150 மிமீ, இரண்டு சொட்டு எண்ணெய்.

மின்சுற்றுப் பலகைக்கு 0.1 மிமீ ஆழம் போதும். 20 டிகிரி பிட்டில் அது 0.135 மிமீ கோடு. செம்புப் படலம் அவ்வளவு மெல்லியது என்பதால் பலகையின் மேடுபள்ளத்தை அளக்காமல் தொடங்கக் கூடாது. போர்டின் ஏ5 முனையிலிருந்து ஒரு கம்பி பிட்டுக்கு, தரை முனையிலிருந்து இன்னொன்று செம்புக்கு. கேண்டில் மென்பொருளின் உயர வரைபடத்தில் 10 மிமீ இடைவெளியில் அளக்கச் சொல்லுங்கள். மரத்துக்கு இதே கம்பிகளோடு ஒரு செம்புப் பலகைத் துண்டைத் தொடுதகடாக வைக்கலாம். வழக்கமான கனம் 1.6 மிமீ என்றாலும் காலிப்பரில் அளந்த எண்ணையே கொடுங்கள்.

லேசர் ஏன் வேண்டாம்

மரத்தை எரிக்கும் வலிமையுள்ள லேசர் வகை 4. சிங்கப்பூரில் வகை 3பி, வகை 4 லேசர்கள் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமக் கட்டுப்பாட்டில் வருகின்றன. சட்டம் ஒருபுறம் இருக்க, திறந்த சட்டத்தில் தொங்கும் நீலக் கதிர் ஒரு பித்தளை விளக்கில் பட்டுத் தெறித்தால் கண் இமைக்கும் முன்பே விழித்திரை போய்விடும். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அதற்கு இடமில்லை. சுழலும் பிட் செய்யும் வேலைக்கு அதனிடமே போங்கள்.

சட்டத்தையும் தாமே செய்ய விரும்புவோர்

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, அதன்மேல் செருகும் சிஎன்சி ஷீல்டு 3ஆம் பதிப்பு, மூன்று ஏ4988 டிரைவர் என்று போர்டைத் தனியே கூட்டலாம். டிரைவருக்குக் கீழே மூன்று ஜம்பர்களையும் (முனைகளை இணைக்கும் சிறு செருகிகள்) போட்டால் பதினாறாகப் பிரிக்கும். ஷீல்டு ஊனோவுக்கு மின்சாரம் தராது, அதற்கு யுஎஸ்பி வேண்டும். ஜிஆர்பிஎல் 0.9லிருந்து ஸ்பிண்டில் வேகக் குறிகை 11ஆம் முனைக்கும் இசட் எல்லைச் சுவிட்ச் 12ஆம் முனைக்கும் மாறிவிட்டன. ஷீல்டின் மேல் அச்சிட்டிருப்பதோ பழைய வரிசை. அச்சை நம்பி இணைத்தால் இசட் சுவிட்ச் வேலை செய்யாது, ஸ்பிண்டிலும் சுற்றாது. மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைப் பிடுங்கினால் டிரைவர் அந்தக் கணமே கெட்டுப்போகக்கூடும்.

பழைய டிவிடி இயக்கிகளைப் பிரித்துச் செய்யும் குட்டி இயந்திரம் கற்றுக்கொள்ள நல்லது. ஓட்டம் 40 மிமீ அளவுதான். பேனா பிடிக்கும் விசை உண்டு, மரத்தைச் செதுக்கும் விசை இல்லை. பாகங்களைத் தனித்தனியாக வாங்கிச் சட்டம் கட்டினால் தொகுப்பின் விலையைத் தாண்டிவிடும் என்பதால், காசு மிச்சப்படும் என்ற எண்ணத்தில் அந்த வழிக்குப் போக வேண்டாம். இன்னும் பெரிய வேலைப்பரப்பு வேண்டும் என்பதற்காகப் போகலாம்.

வேலை முடிந்ததும் வழித்தண்டுகளை மெல்லிய இயந்திர எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். கிரீஸ் பூசாதீர்கள், மரத்தூள் அதில் சேர்ந்து பசையாகித் தாங்கிகளை அடைத்துவிடும். பிட்டுகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்து, டப்பாமேல் டிகிரியை எழுதி ஒட்டிவிடுங்கள். 60ம் 90ம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.